எந்த ஆற்றில் தண்ணீர் நிற்கும்?

2022 ஆகஸ்ட் மாத நடுவில், ஜெர்மனியின் கௌப் என்ற சிற்றூரில் ஜனங்கள் ரைன் ஆற்றுக்குள் இறங்கி நடந்தார்கள். அங்கே ஆற்றின் நடுவில், பாறைத் திட்டின்மேல் ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன் என்றொரு கோட்டை நிற்கிறது. போகிற வருகிற கப்பல்களிடம் சுங்கம் வசூலிக்க 14-ஆம் நூற்றாண்டில் கட்டியது. சாதாரண நாளில் படகில்தான் போக முடியும். அந்த ஆகஸ்டில் கூழாங்கற்களை மிதித்துக்கொண்டே போய்த் தொட்டுவிட்டு வந்தார்கள். அதே வாரங்களில், கப்பலில் ஏழு இரவு என்று மாதங்களுக்கு முன்பே பணம் கட்டி, விமானம் ஏறி வந்த பயணிகள் பலர் ரைன் கரைக் கோட்டைகளைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்க்க நேர்ந்தது.

ஐரோப்பிய ஆற்றுக் கப்பல் பயணம் இப்போது தமிழ் வீடுகளிலும் பேச்சில் அடிபடுகிறது. பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் விசாரிக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்காக முன்பதிவு செய்கிறார்கள். பல குடும்பங்களுக்கு இது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைக்கான செலவு. ஆனால் விசாரிக்கும்போது அறையின் அகலம், பால்கனி, சைவச் சாப்பாடு, வைஃபை என்றுதான் கேள்வி போகிறது. அந்த மாதத்தில், அந்த ஆற்றில், கப்பல் ஓடும் அளவுக்குத் தண்ணீர் இருக்குமா என்று கேட்பவர்கள் குறைவு. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். பதிலும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரியக்கூடியது.

ஓர் எண்ணும் அதன் பொருளும்

ஜூன் மாதம் வந்தால் நாம் மேட்டூர் அணை நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் தேடுவதுபோல, ரைன் கரையில் கப்பல் ஓட்டுகிறவர்கள் கௌப் நீர்மட்டத்தைத் தேடுவார்கள். நடு ரைனில் ஆழம் மிகக் குறைந்த இடங்களில் ஒன்று அது. அங்கே கப்பல் தாண்டிவிட்டால் மற்ற இடங்களில் பெரும்பாலும் தாண்டிவிடும். 2018 அக்டோபரில் கௌப் அளவுகோல் 25 சென்டிமீட்டர் காட்டியது. அதுவரை பதிவானதில் அதுவே மிகக் குறைவு. 2022 ஆகஸ்டில் 30 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கியது.

25 சென்டிமீட்டர் என்றால் ஆற்றில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர் என்று எண்ணிவிடக் கூடாது. அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் அடித்தரை அல்ல. கௌபில் 77 சென்டிமீட்டர் காட்டும்போது, கப்பல் செல்லும் தடத்தில் 1.90 மீட்டர் ஆழம் இருக்கும் என்பது கணக்கு. ஆக, காட்டும் எண்ணோடு ஏறக்குறைய 1.13 மீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அளவுகோல் 30 காட்டினால் தடத்தில் ஏறக்குறைய 1.4 மீட்டர். ஆற்றுப் பயணக் கப்பல் ஒன்று தண்ணீருக்குள் அமிழும் ஆழம் பொதுவாக ஒன்றரை மீட்டரை ஒட்டி வரும். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

சரக்குக் கப்பலுக்கு ஒரு வழி உண்டு. தண்ணீர் குறையக் குறைய ஏற்றும் சுமையைக் குறைத்துக்கொண்டு, பாதி, பிறகு மூன்றில் ஒரு பங்கு என்று ஓடிக்கொண்டிருக்கும். பயணிகள் கப்பலுக்கு அது கிடையாது. அதன் எடையே அறைகளும் சமையலறையும் எந்திரங்களும்தான். பயணிகளைப் பாதியாகக் குறைத்தாலும் கப்பல் பெரிதாக மேலே எழும்பாது. 135 மீட்டர் நீளம், 11.45 மீட்டர் அகலம் என்பது இந்தக் கப்பல்களின் வழக்கமான பெரிய அளவு. 12 மீட்டர் அகல லாக்குகளுக்குள், அதாவது கப்பலை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டிகளுக்குள், நுழைய வேண்டும் என்பதால் வந்த அளவு அது. ஒரே அச்சில் வார்த்த கப்பல்கள் என்பதால், ஒன்றுக்கு வரும் நெருக்கடி எல்லாவற்றுக்கும் சேர்ந்தே வருகிறது.

வெள்ளமும் இதே அளவு தொல்லை. வறட்சியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் இதைப் பேசுவதில்லை. கௌபில் 6.40 மீட்டரைத் தாண்டினால் கப்பல் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன்பே பாலங்கள் மறித்துவிடும். மைன் ஆற்றிலும் மைன்–டான்யூப் கால்வாயிலும் பாலங்கள் தாழ்வானவை. சாதாரண நாளிலேயே மாலுமி அறையைக் கீழே இறக்கி, மேல்தளக் கம்பிகளை மடக்கி, பயணிகளை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் கடக்கிறார்கள். தண்ணீர் கொஞ்சம் ஏறினாலும் இடைவெளி போய்விடும். 2013 ஜூனில் பாஸௌ நகரில் டான்யூப் 12.89 மீட்டர் வரை உயர்ந்தது. ஐந்நூறு ஆண்டுகளில் காணாத வெள்ளம் அது. 2024 செப்டம்பரில் போரிஸ் புயல் கொட்டிய மழையில் ஆஸ்திரியாவில் டான்யூப் மூடப்பட்டு, பயணிகள் கப்பல்கள் நின்ற இடத்திலேயே கட்டிக் கிடந்தன. கோடையில் வறட்சி, மற்றக் காலத்தில் பிரச்சினை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கதவணை எங்கே முடிகிறது?

ஓர் ஆற்றை நம்பலாமா என்று தீர்மானிக்க வரைபடத்தில் ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்தால் போதும். கதவணைகள் எங்கே இருக்கின்றன, எங்கே முடிகின்றன? அடுத்தடுத்துக் கதவணை கட்டிய ஆறு படிக்கட்டாகிவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் தண்ணீர் தேங்கி நிற்கும். லாக் எனப்படும் தொட்டிக்குள் கப்பலை நிறுத்தி, கதவை மூடி, தண்ணீரை ஏற்றி இறக்கி அடுத்த படிக்கு அனுப்புவார்கள். மழை பொய்த்தாலும் அங்கே ஆழம் அவ்வளவு எளிதில் குறையாது. கதவணை இல்லாத நீளத்தில் மழையும் பனியும் கொடுப்பதுதான் ஆழம்.

ரைனை இப்படிப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். பாஸல் பக்கமிருந்து ஸ்ட்ராஸ்பர்க் வழியாக இஃபெட்ஸ்ஹைம் வரை கதவணைகள் வரிசையாக நிற்கின்றன. இஃபெட்ஸ்ஹைமோடு சரி. அதற்குக் கீழே பெரிய கதவணை எதுவுமில்லாமல் ரைன் நெதர்லாந்துவரை கட்டற்று ஓடுகிறது. விளம்பரப் படங்களில் வரும் கோட்டைகள், திராட்சைச் சரிவுகள், லோரலைப் பாறை எல்லாமே இந்தக் கட்டற்ற நீளத்தில் இருக்கின்றன. அங்கேதான் கௌபும் இருக்கிறது. மனம் போய் நிற்கும் இடமும் தண்ணீர் ஏமாற்றும் இடமும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. ஆறு தன் போக்கில் ஓடும் இடம் என்பதால்தான் அந்த அழகு.

டான்யூபில் இதைவிடக் கூர்மையான உதாரணம் உண்டு. நியூரம்பெர்க் – புடாபெஸ்ட் வழியில் ஸ்ட்ரௌபிங் என்ற ஊரிலிருந்து வில்ஸ்ஹோஃபன் வரை சுமார் 70 கிலோமீட்டருக்குக் கதவணை கிடையாது. இங்கே டான்யூப் வளைந்து வளைந்து, ஆழம் குறைந்து ஓடுகிறது. இதையும் அணைகட்டி அடக்க வேண்டும் என்று கப்பல் துறை பல பத்தாண்டுகள் வாதாடியது. ஈசார் ஆறு வந்து கலக்கும் வெள்ளச் சமவெளி அழியும் என்று இயற்கை ஆர்வலர்களும் கரையோர மக்களும் எதிர்த்தார்கள். 2013-இல் பவேரிய அரசு புதிய கதவணை வேண்டாம், கரையோரத் தடுப்புகளால் தடத்தை ஆழப்படுத்தினால் போதும் என்று முடிவு செய்தது. ஆகவே அங்கே தண்ணீர் குறைகிற வழக்கம் முற்றாகத் தீரப்போவதில்லை. பல நிறுவனங்களின் டான்யூப் பயணம் ரேகன்ஸ்பர்கில் தொடங்காமல் வில்ஸ்ஹோஃபனிலோ பாஸௌவிலோ ஏன் தொடங்குகிறது என்பதற்கு இது முக்கியமான காரணம். பாஸௌவுக்கு மேலே உள்ள காக்லெட் அணை தேக்கும் நீர் வில்ஸ்ஹோஃபன் வரை எட்டுகிறது. கப்பல்காரர்களுக்கு அங்கிருந்துதான் மூச்சு சீராகிறது.

வில்ஸ்ஹோஃபனிலிருந்து வியன்னாவரை மின் அணைகளின் வரிசை தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிறது. இடையில் வாஹௌ பள்ளத்தாக்கு மட்டும் திறந்த ஓட்டம். வியன்னாவைத் தாண்டினால் மறுபடி திறந்த ஆறு. அங்கே ஹைன்புர்க் என்ற இடத்தில் அணை கட்ட மரம் வெட்ட வந்தபோது, 1984 டிசம்பர்க் குளிரில் ஆயிரக்கணக்கானோர் காட்டுக்குள் கூடாரமடித்து உட்கார்ந்துவிட்டார்கள். அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1996-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாயிற்று. ஹங்கேரியில் நாஜ்மாரோஸ் அணை வேலையும் மக்கள் எதிர்ப்பால் 1989-இல் நின்றது. செக்கோஸ்லோவாகியா தன் பங்குக்கு 1992-இல் கப்சிக்கோவோ அணையை இயக்க, வழக்கு ஹேக் சர்வதேச நீதிமன்றம்வரை போய் 1997-இல் தீர்ப்பானது. ஹங்கேரியின் டான்யூப் இன்றும் அணையில்லாமல்தான் ஓடுகிறது.

இந்தப் போராட்டங்களை விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கப்பல் நின்றுவிட்டால் பயணிக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்த நீளங்கள் அணையில்லாமல் தப்பியது அந்தந்த ஊர் மக்கள் செய்த பெரிய காரியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் ஒரு வாரப் பயணத்துக்காக அந்த ஆறுகள் அடங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. எது கட்டற்ற ஆறு, எது கட்டிய ஆறு என்று தெரிந்துகொண்டு நாம் ஏறுவதுதான் சரி.

எல்ப ஆற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செக் நாட்டின் ஊஸ்தி நகரத்து அணைக்குக் கீழே, ஹாம்பர்க் அருகிலுள்ள கீஸ்டாக்ட் வரை 600 கிலோமீட்டருக்கு மேல் தடையே இல்லை. டெஸ்சின் ஊரில் ஆற்றுக்குள் ஒரு கல் கிடக்கிறது. பஞ்ச காலங்களில் நீர் வற்றியபோது வருடங்களைச் செதுக்கி வைத்த பசிக்கல். அதில் 1616 என்ற ஆண்டு தெளிவாகத் தெரியும். தன்னைக் கண்டால் அழ வேண்டியதுதான் என்ற பொருளில் ஒரு வாசகமும் உண்டு. 2018-இலும் 2022-இலும் அந்தக் கல் வெளியே தெரிந்தது. மிகக் குறைந்த ஆழத்தில் ஓடுவதற்கென்றே வடிவமைத்த கப்பல்கள் எல்பயில் இருக்கின்றன. அவையும் நின்றுபோன நாட்கள் உண்டு. டிரெஸ்டனும் பிராகும் பார்க்க ஆசையென்றால் ரயிலில் போங்கள். அருமையான பாதை, ஆற்றை ஒட்டியே ஓடுகிறது.

கீழ் டான்யூபுக்கும் இதே எச்சரிக்கை, சற்று மென்மையாக. செர்பியா–ருமேனியா எல்லையிலுள்ள இரும்புக் கதவு அணைகளுக்குக் கீழே கடல்வரை 860 கிலோமீட்டருக்கு மேல் திறந்த ஆறு. 2022 கோடையில் பிராஹோவோ அருகே, 1944-இல் ஜெர்மானியர்கள் தாங்களே மூழ்கடித்த போர்க்கப்பல்கள் நீருக்கு வெளியே தலைகாட்டின.

நம்பி ஏறக்கூடிய ஆறுகள்

தண்ணீர் விஷயத்தில் நிம்மதி வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது போர்ச்சுகலின் டோரோ. நாட்டுக்குள் ஐந்து அணைகள், ஐந்து லாக்குகள். காரபட்டேலோ லாக் மட்டும் 35 மீட்டர் உயரம். கப்பலின் மேல்தளத்தில் நின்றால், பத்து மாடிக் கட்டடத்தைவிட உயரமான ஈரச் சுவர் நம் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, திடீரென்று மலையும் வானமும் திறக்கும். 1990 முதல் போர்ட்டோவிலிருந்து ஸ்பெயின் எல்லைவரை சுமார் 210 கிலோமீட்டருக்குக் கப்பல் போகிறது. மின்சாரத்துக்காகத் தேக்கிய நீர் என்பதால் கோடை வறட்சி இங்கே கப்பலை எளிதில் நிறுத்துவதில்லை. குளிர்கால வெள்ளம் உண்டு. அதனால்தான் பருவமே மார்ச் கடைசி முதல் நவம்பர்வரை. லாக்குகள் சிறியவை என்பதால் கப்பல்களும் சிறியவை, 80 மீட்டரை ஒட்டி. இரவில் ஓட்டுவதில்லை. படிப்படியாய்த் திராட்சை ஏறும் மலைச்சரிவுகளைத் தூங்கித் தவறவிட வழியே இல்லை. ஜூலை, ஆகஸ்டில் உள்பகுதியில் வெயில் கொளுத்தும். மதுரை வெயில் பழகியவர்களே சோர்ந்துபோவார்கள்.

ஜெர்மனியிலேயே இருக்க வேண்டுமென்றால் மோசெல், மைன் இரண்டும். மோசெலை ஜெர்மனி, பிரான்ஸ், லக்ஸம்பர்க் மூன்றும் 1956-இல் ஒப்பந்தம் போட்டுக் கதவணை கட்டி, 1964-இல் பெரிய கப்பல்களுக்குத் திறந்தன. கொப்லென்ஸிலிருந்து டிரியர் வரை ஆறு பாம்பாக வளைந்து போகும். கோட்டையும் திராட்சையும் இங்கேயும் உண்டு, ரைனைவிட அமைதியாக. மைன் ஆற்றில் மைன்ஸ் முதல் பம்பெர்க் வரை 34 லாக்குகள். டான்யூப் படுகையிலிருந்து தண்ணீரை மைன்–டான்யூப் கால்வாய் வழியாகத் திருப்பி மைன் படுகையின் பற்றாக்குறையை ஈடுகட்டுகிறார்கள். 171 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாய் 1992-இல் திறக்கப்பட்டது. கடல்மட்டத்துக்கு மேல் 406 மீட்டர் உயரத்தில் கப்பல் மலையைத் தாண்டுகிறது.

கதவணைக்கும் ஆபத்து உண்டு, வேறு வகையில். 2024 டிசம்பரில் ம்யூடன் என்ற இடத்தில் ஒரு சரக்குக் கப்பல் லாக் கதவில் மோதியது. கதவு சிதைந்தது. மோசெல் வாரக்கணக்கில் அடைபட்டு, மேலே இருந்த கப்பல்கள் அங்கேயே சிக்கின. தண்ணீர் நிறைய இருந்தும் போக வழியில்லை. இப்படி நடப்பது அபூர்வம். ஆனாலும் நூற்றுக்கு நூறு உறுதி தரும் ஆறு ஐரோப்பாவில் எதுவுமில்லை என்பது மனதில் இருக்கட்டும்.

பிரான்ஸில் லியோனுக்குக் கீழே ரோன் ஆற்றில் கடல்வரை 12 லாக்குகள். ஆழக் குறைவு அநேகமாகப் பிரச்சினை இல்லை. இலையுதிர்கால மழையில் பொங்கும், மிஸ்ட்ரால் காற்று அடித்தால் நங்கூரமிடுவது சிரமம். பாரிஸின் செய்ன் ஆற்றுக்கு மேலே நான்கு பெரிய ஏரிகளில் நீரைத் தேக்கி வைத்துக் கோடையில் திறந்துவிடுகிறார்கள். அதனால் கோடையில் நம்பலாம். குளிர்காலத்திலும் இளவேனில் தொடக்கத்திலும் வெள்ளம் வரும். 2016 ஜூனில் பருவம் தப்பியே 6.10 மீட்டர் வந்து பாலங்களுக்கு அடியில் இடமில்லாமல் செய்தது. நெதர்லாந்து, பெல்ஜியம் துலிப் பருவப் பயணங்கள் மார்ச் கடைசி முதல் மே நடு வரை. பெரும்பகுதி மனிதர்கள் மட்டம் வைத்துப் பராமரிக்கும் கால்வாய்களில் போவதால் கவலை குறைவு.

மாதமும் ஒப்பந்தமும்

ரைனோ டான்யூபோதான் வேண்டும் என்று மனம் சொன்னால், மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆல்ப்ஸ் பனி உருகி வரும் நீர் மே, ஜூன் மாதங்களில் இரண்டு ஆறுகளுக்கும் பலம். ஆகஸ்டிலிருந்து இறங்கத் தொடங்கும். செப்டம்பர், அக்டோபரில் அடிமட்டம். 2018-இல் அந்த இறக்கம் நவம்பர்வரை நீண்டது. நம் ஊர்ப் பள்ளிக் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மேயிலும் வருவது இதற்குப் பொருத்தமாக அமைந்திருக்கிறது. ஆனால் ஆல்ப்ஸ் பனியாறுகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. 2025-இல் மழையில்லாத மார்ச் மாதத்துக்குப் பிறகு ஏப்ரலிலேயே ரைன் இறங்கியது. பழைய மாதக் கணக்கை அப்படியே நம்புவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் வரையான இரண்டு வாரப் பயணம் ஏராளமாக விற்கிறது. நான் தயங்குவது அதில்தான். கௌப், ஸ்ட்ரௌபிங், ஹங்கேரி மூன்றும் ஒரே டிக்கெட்டில் வருகின்றன. இவற்றில் ஒன்று மறித்தாலும் திட்டம் உடையும். அதே பணத்தில் ஒரு வாரம் பாஸௌ–வியன்னா, மறு வாரம் ரயிலும் நகரங்களும் என்று வைத்துக்கொள்வது எனக்கு மேலாகத் தெரிகிறது.

ஒரே மாதிரிக் கப்பல்கள் பல வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு ஒரு வசதி உண்டு. தடைபட்ட இடத்தின் இந்தப் பக்கம் ஒரு கப்பல், அந்தப் பக்கம் எதிர்த்திசையில் வரும் இன்னொன்று. பயணிகளைப் பேருந்தில் மாற்றி ஏற்றி, அதே எண் அறையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பெட்டி கட்டி அவிழ்க்கும் அரை நாள் போகும், அவ்வளவுதான். ஒரே கப்பல் வைத்திருக்கும் நிறுவனம் ஓட்டலில் தங்கவைக்கும், அல்லது கப்பலையே நிலையாகக் கட்டிப்போட்டு ஓட்டலாக்கும். முன்பதிவுக்கு முன் இதை நேராகக் கேளுங்கள். தடைபட்டால் மாற்றுக் கப்பலா, பேருந்தா, பணமா? எத்தனை நாள் தடைபட்டால் என்ன ஈடு? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். பாதையை மாற்றும் உரிமை தங்களுக்கு உண்டு என்று அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு விதி இருக்கும். பயணக் காப்பீடு எடுக்கும்போதும், நீர்மட்டத்தால் பாதை மாறினால் பணம் உண்டா என்று அந்த வார்த்தைகளிலேயே கேட்க வேண்டும். பொதுவான ரத்துக் காப்பீட்டில் அது அடங்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு இன்னொன்று. டான்யூப் பயணம் பெல்கிரேடைத் தொட்டால் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா போதாது. வியன்னாவோடு முடியும் பயணம்கூட வெள்ளத்தாலோ வறட்சியாலோ ஓரிரு நாள் தள்ளிப்போகலாம். விசாவில் சில நாட்கள் கூடுதலாகக் கேட்டு வைப்பதும், திரும்பும் விமானத்தைக் கப்பல் கரைசேரும் அதே மாலைக்குப் போடாமல் மறுநாளுக்குப் போடுவதும் பெரிய செலவில்லை.

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பிருந்து கௌப் எண்ணைத் தினமும் பாருங்கள். ஜெர்மன் நீர்வழித் துறை எல்லா அளவுகோல்களையும் இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. 150-க்கும் 350-க்கும் இடையில் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. 80-ஐ நோக்கி இறங்கிக்கொண்டிருந்தால், நிறுவனம் உங்களை அழைக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே அழைத்துப் பேசுங்கள். வீட்டில் முழங்கால் வலியோடு வரும் பெரியவர் இருந்தால் இந்தத் தொலைபேசி அழைப்பு இன்னும் அவசியம். கப்பலில் அவருக்குப் படியேற வேண்டாம் என்று நினைத்துத்தானே அந்தப் பயணத்தையே தேர்ந்தெடுத்தீர்கள். முதல் தடவை, ஒரே தடவை, அம்மா அப்பாவை அழைத்துப் போகிறேன் என்று யாராவது கேட்டால், மே மாதம் டோரோ என்பதே என் பதில். அது கிடைக்காவிட்டால் ஜூன் முதல் பாதியில், பாஸௌவில் ஏறி வியன்னாவில் இறங்கும் டான்யூப்.